சாவி வேண்டுமா? முதலில் கரண்ட் எண்ணைக் காட்டு!

34 ஆண்டுகள் கணக்கு வாத்தியார் நான். இந்தக் கணக்கு மட்டும் விளங்கவில்லை.

அமெரிக்காவில் மகள் படிக்கும் பல்கலைக்கழகம் தன் சொந்தக் குடியிருப்பில் வீடு ஒதுக்கியது. மின் இணைப்பை அவள் பெயரில் எடுத்தால்தான் சாவியாம். மின் நிறுவனமோ சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டது. மாணவர் விசாவில் போனவர்களுக்கு வேலை கிடைத்தால்தான் அந்த எண். இல்லையா, டெபாசிட் கட்டு! இன்டர்நெட்டுக்கு இன்னொரு அலைச்சல், பாடமெல்லாம் அதில்தான்.

ஐ-20 படிவம் கொடுத்தவர்களுக்கு, வருகிறவள் புதியவள் என்று தெரியாதா? தனி பில் வந்தால்தான் சிக்கனம் வருமாம். சரி, மீட்டர் பார்த்து வாடகையோடு வசூலியுங்களேன்! வீட்டுக்காரர் நீங்கள்தானே?

பெற்றோர்களே, வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் எதெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.