ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர் வாங்கலாமா டாக்டர்?

1/
"டாக்டர், ஹெல்மெட்ல மாட்டற ப்ளூடூத் ஹெட்செட் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?"

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்ட கேள்வி. ரெண்டு வரியில பதில் சொல்ல முடியல. அதான் இந்த நீண்ட த்ரெட். பைக் ஓட்டறவங்களும், பைக் ஓட்டறவங்களுக்கு ஃபோன் பண்றவங்களும் பொறுமையா படிங்க.

2/
நான் காது மூக்கு தொண்டை நிபுணர் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சு அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில டூட்டி பார்க்கறவன். டூவீலர் விபத்துன்னு வந்தா முதல்ல கை வைக்கிறதும், ஏஆர் எழுதறதும், சிடி ஸ்கேனுக்கு அனுப்பறதும் எங்க வேலை. நானும் தினமும் பைக்லதான் டூட்டிக்குப் போறேன். என் ஹெல்மெட்லயும் ஸ்பீக்கர் இருக்கு.

3/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.

வாங்குங்க. ஆனா வழி கேட்கறதுக்கு வாங்குங்க. பேசறதுக்கு வாங்காதீங்க.

"அவ்வளவுதானா" என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காரணம் வேண்டும் என்பவர்கள் தொடருங்கள்.

4/
மொத்தமா வேண்டாம்னு ஏன் சொல்லல? இப்ப நடக்கிறதைப் பாருங்க.

ஃபோனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவுல செருகிக்கிட்டுப் பேசறாங்க. தலையைச் சாய்ச்சு தோள்பட்டையில இடுக்கிக்கிட்டு ஓட்டறாங்க. ரெண்டு காதுலயும் இயர்பட்ஸ். ஹேண்டில்பார்ல ஃபோனை மாட்டி, மேப்பைக் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறாங்க.

இதையெல்லாம் விட, "அடுத்த சிக்னல்ல இடது பக்கம் திரும்பு"ன்னு காதுல ஒரு குரல் சொல்றது எவ்வளவோ மேல். கண்ணு ரோட்டுல இருக்கும், கை ஹேண்டில்ல இருக்கும்.

5/
ஃபோனை ஹெல்மெட்டுக்குள்ள செருகறதுல இன்னொரு ஆபத்து இருக்கு. ஃபோனுக்கு இடம் வேணும்னு ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்குவாங்க. இல்லன்னா தாடைப் பட்டையைப் போட மாட்டாங்க. விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். "ஹெல்மெட் போட்டிருந்தான் டாக்டர்"னு கூட வந்தவங்க சொல்வாங்க. தலையைப் பார்த்தா போட்ட மாதிரியே இருக்காது.

6/
2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர்.

ஒழுங்கா மாட்டின ஹெல்மெட் தலைக்காயத்தை ஏறக்குறைய 69 சதவீதமும், மரணத்தை 42 சதவீதமும் குறைக்கும்னு பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வறிக்கை சொல்லுது. இந்த அளவுக்குப் பலன் தர்ற மருந்து எங்க ஃபார்மஸியில ரொம்ப கம்மி.

அதனால முதல் விதி: ஸ்பீக்கருக்காக ஹெல்மெட்டைக் கெடுக்காதீங்க.

7/
ஹெல்மெட்டோட வெளி ஓட்டுக்குள்ள தெர்மோகோல் மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். உயிரைக் காப்பாத்தறது பெரும்பாலும் அதுதான். தலை மோதும்போது அது நசுங்கி, அடியோட வேகத்தை வாங்கிக்கும்.

சில கடைகள்ல ஸ்பீக்கர் உட்காரலைன்னு அந்த தெர்மோகோலைக் கத்தியால சுரண்டி குழி பண்ணிக் கொடுக்கறாங்க. ஓட்டுல ட்ரில் போட்டு ஸ்க்ரூ அடிக்கறாங்க. பண்ண விடாதீங்க. அடி அந்த இடத்துல விழுந்தா வாங்கிக்க அங்க ஒண்ணுமே இருக்காது.

8/
சரி, எப்படித் தேர்ந்தெடுக்கறது?

முதல்ல ஹெல்மெட். ஐஎஸ்ஐ முத்திரை, முழு முகம் மூடறது, தலையை ஆட்டினா கூடவே ஆடாம கச்சிதமா இருக்கறது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கறதே 2021 ஜூன்ல இருந்து சட்டப்படி தப்பு. ரோட்டோரத்துல குவிச்சு வெச்ச மலிவு ஹெல்மெட்ல ஐயாயிரம் ரூபாய் ஹெட்செட் மாட்டினவரை நான் பார்த்திருக்கேன். பட்ஜெட்டைத் திருப்பிப் போடுங்க.

9/
நல்ல ஹெல்மெட் பலதுல காதுக்கு நேரா ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க. ஸ்பீக்கர் அந்தப் பள்ளத்துக்குள்ள உட்காரணும். பெரும்பாலான ஸ்பீக்கர் 40 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். விட்டத்தைவிட தடிமன்தான் முக்கியம். தடியா இருந்தா காது மடலை அழுத்தும். அரை மணி நேரத்துல வலிக்கும். வலிச்சா ஹெல்மெட்டைக் கழட்டி பெட்ரோல் டேங்க் மேல வெச்சிடுவோம். நம்ம ஊர் வழக்கம் தெரியாதா?

வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஹெல்மெட்டை கடைக்கே எடுத்துட்டுப் போங்க.

10/
ஸ்பீக்கர் காது துளைக்கு நேரா இருக்கணும். ஒரு விரல் அகலம் தள்ளிப் போனாலே சத்தம் நல்லாக் குறையும். "சவுண்டே வரல, டப்பா பீஸ்"னு திட்டிட்டு வால்யூமை முழுசா ஏத்துவோம். தப்பு பீஸ்ல இருக்காது, ஒட்டின இடத்துல இருக்கும். முதல்ல தற்காலிகமா ஒட்டி, ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்து, சரியான இடம் கிடைச்ச அப்புறம் நிரந்தரமா ஒட்டுங்க.

11/
வெளியே மாட்டற யூனிட் க்ளிப்ல நிக்கணும், இல்ல ஒட்டற பேட்ல நிக்கணும். பட்டன் பெரிசா, க்ளவுஸ் போட்ட விரலுக்கும் தட்டுப்படற மாதிரி இருக்கணும். தண்ணிக்குத் தாங்குமான்னு ஐபி எண்ணைப் பாருங்க. ஐபி67-ன்னா தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் அடைமழைக்கு அது போதும்.

கார்டோ, சேனா மாதிரி கம்பெனிகள் விக்கிற மெஷ் இன்டர்காம் எல்லாம் கூட்டமா டூர் போறவங்களுக்கு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய் வர அது தேவையில்லை. அந்தக் காசுல நல்ல ஹெல்மெட் ரெண்டு வாங்கலாம். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு பின்னாடி உட்கார்றவங்களுக்கு.

12/
யாரும் கவனிக்காத ஒரு விஷயம்: ஆட்டோ ஆன்சர்.

மலிவான ஹெட்செட் பலதுல, ஃபோன் வந்தா சில நொடியில தானாவே எடுத்துடும். அதை வசதின்னு பெட்டியில போட்டிருப்பாங்க. லாரியை ஓவர்டேக் பண்ணிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு காதுல மேனேஜர் குரல் கேட்டா எப்படி இருக்கும்? இதை ஆஃப் பண்ண முடியுமான்னு கேட்டுட்டு வாங்குங்க. முடியாதுன்னா வெச்சிட்டு வந்துடுங்க.

13/
இப்ப காது.

இயர்பட்ஸ் வேண்டாம்னு சொல்றதுக்கு மூணு காரணம். ஒண்ணு, துளையை அடைச்சுடும், பின்னாடி வர்ற பஸ் ஹாரன் கேட்காது. ரெண்டு, ஹெல்மெட் போடும்போது அது உள்ளே இடிச்சு, அழுக்கையும் உள்ளே தள்ளும். மூணு, வியர்வையும் வெப்பமும் சேர்ந்தா காதுக்குள்ள பூஞ்சை வரும். வெயில் காலத்துல "காது அரிக்குது, அடைச்ச மாதிரி இருக்கு"ன்னு ஓபிக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேட்கறதே, "இயர்பட்ஸ் போடறீங்களா?"

14/
ஸ்பீக்கர்னா பயமில்லையா? இருக்கு.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் கேட்கலாம்ங்கறது தொழிலாளர் நலனுக்கான அளவு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 94-க்கு ஒரு மணி. 100-க்கு வெறும் 15 நிமிஷம்.

ஹைவேயில 100 கிலோமீட்டர் வேகத்துல போனா, பாட்டே போடாம ஹெல்மெட்டுக்குள்ள அடிக்கிற காத்துச் சத்தமே 90-ஐத் தாண்டும். அதுக்கு மேல கேட்கணும்னு நீங்க பாட்டை ஏத்தறீங்க. கணக்கு போட்டுக்கங்க.

15/
உள் காதுல சத்தத்தை உணர்ற மெல்லிய செல்கள் இருக்கு. தோல் கிழிஞ்சா வளரும், எலும்பு உடைஞ்சா கூடும். இந்த செல்கள் செத்தா மனுஷனுக்குத் திரும்ப வளராது. அதுக்கு மாத்திரையும் கிடையாது.

வண்டியை நிறுத்தின அப்புறம் காதுல "ங்ஙொய்"ன்னு ரீங்காரம் கேட்டாலோ, வீட்டுல பேசறது பஞ்சு அடைச்ச மாதிரி கேட்டாலோ, அது எச்சரிக்கை. அடிக்கடி வந்தா காது டாக்டரைப் பாருங்க.

16/
வீட்டுலயே செய்யக்கூடிய டெஸ்ட் ஒண்ணு சொல்றேன். வண்டியை ஆஃப் பண்ணிட்டு ஹெல்மெட்டைப் போட்டு, மேப் குரலை ஓட விடுங்க. பக்கத்துல ஒருத்தரை சாதாரணமாப் பேசச் சொல்லுங்க. அவங்க பேசறது புரியற அளவுக்கு வால்யூமைக் குறைங்க. அதுதான் டவுனுக்குள்ள உங்க அளவு. பாட்டு கேட்டே ஆகணும்னா வண்டியை ஓரமா நிறுத்தி டீ குடிக்கும்போது கேளுங்க.

17/
இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஏன் பேச வேண்டாம்?

"கை ஃப்ரீயாதானே இருக்கு டாக்டர்?" கை ஃப்ரீ. மூளை ஃப்ரீ இல்ல. ஹேண்ட்ஸ்ஃப்ரீல பேசினாலும் கவனம் குறையுது, பிரேக் பிடிக்கத் தாமதமாகுதுன்னு பல ஆய்வுகள் வந்தாச்சு. கண்ணு ரோட்டைப் பார்க்கும், மூளை பதிவு பண்ணாது.

60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல போறீங்க. ரெண்டு நொடி கவனம் போனா 33 மீட்டர். கிட்டத்தட்ட மூணு பஸ் நீளம், கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே பார்க்காம ஓட்டறீங்க.

18/
"பின்னாடி உட்கார்ந்து பொண்டாட்டி பேசறாங்களே, அது பரவாயில்லையா?"

நியாயமான கேள்வி. பின்னாடி இருக்கறவங்க ரோட்டைப் பார்க்கறாங்க. குறுக்கே ஆட்டோ வந்தா பேச்சை நிறுத்துவாங்க, "பார்த்து, பார்த்து"ன்னு தோளைத் தட்டுவாங்க. ஃபோன்ல இருக்கறவங்களுக்கு ஆட்டோ தெரியாது. கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுது. சட்டத்துல பேர் வரலைங்கறதால ஆபத்து இல்லைன்னு ஆகிடாது.

19/
நான் யோக்கியன் இல்ல. ஒரு நாள் நைட் டூட்டி முடிச்சுட்டுப் போகும்போது வார்டுல இருந்து ஃபோன். ஹெட்செட்ல எடுத்தேன். ஒரு நோயாளியோட பொட்டாசியம் அளவைச் சொன்னாங்க. மருந்து அளவை மனசுல கணக்கு போட்டுக்கிட்டே போயிருக்கேன். சிக்னல் சிவப்புங்கறது, குறுக்கே வந்த பஸ் டிரைவர் பிரேக் அடிச்சுத் திட்டின அப்புறம்தான் தெரிஞ்சது. வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் கை நடுங்குச்சு.

இன்னிக்கு வரைக்கும், ஃபோன் வந்தா ஓரமா நிறுத்திட்டுத்தான் எடுக்கறேன். நிறுத்த இடம் இல்லன்னா எடுக்கறதில்ல. எங்க வார்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்: நான் எடுக்கலைன்னா டூட்டியில இருக்கறவரைக் கூப்பிடுங்க.

20/
இன்னொருத்தரைப் பத்தி சொல்லணும். அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

சாப்பாடு டெலிவரி பண்றவர். ஹெட்செட்ல பேசிக்கிட்டே போய் நின்னுக்கிட்டிருந்த வேன் பின்னாடி மோதிட்டார். கழுத்துப்பட்டை எலும்பு முறிவு, தலைக்குள்ள சின்னதா ரத்தக் கசிவு. ஹெல்மெட் பட்டை போட்டிருந்ததால பிழைச்சார்.

அவர் மனைவி வந்தாங்க. கணவர் எப்படி இருக்காருன்னு அவங்க முதல்ல கேட்கல. "நான்தான் சார் ஃபோன் பண்ணேன். பேசிக்கிட்டிருக்கும்போதே சத்தம் கேட்டுச்சு. என்னாலதானா?"ன்னு கேட்டாங்க.

21/
என்ன சொல்றது? "உங்களால இல்லம்மா, அவர் பிழைச்சுட்டார், போய்ப் பாருங்க"ன்னு சொன்னேன். அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா அவங்க அதை நம்பலைன்னு முகத்துலயே தெரிஞ்சது. "வந்தவுடனே பால் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்காங்க. மெசேஜ்ல போட்டிருந்தா போதும். அது அவங்களுக்குத் தெரியாம இல்ல. நாம எல்லாருமே அப்படித்தானே பண்றோம்?

22/
அதனால இந்த த்ரெட்டை பைக் ஓட்டறவங்களுக்கு மட்டும் எழுதல.

நீங்க ஃபோன் பண்ணும்போது பின்னாடி ஹாரன் சத்தமோ காத்துச் சத்தமோ கேட்டா, ஒரே கேள்வி கேளுங்க: "வண்டியில இருக்கியா?" ஆமான்னா, "சரி, போய்ச் சேர்ந்துட்டுக் கூப்பிடு"ன்னு வெச்சிடுங்க. அவங்களா வைக்க மாட்டாங்க. அம்மா ஃபோனை, மேனேஜர் ஃபோனை யாரும் வைக்க மாட்டாங்க. நீங்கதான் வைக்கணும்.

23/
சாப்பாடு ஆர்டர் பண்றவங்க, வீட்டு அடையாளத்தை ஆப்லயே தெளிவா எழுதிடுங்க. "எங்க வந்துட்டிருக்கீங்க"ன்னு பாதி வழியில கூப்பிடாதீங்க. மேனேஜர்கள், ஃபீல்டுல இருக்கற பையன் ஃபோனை எடுக்கலைன்னா, வண்டி ஓட்டறான்னு நினைச்சுக்கங்க. அலட்சியம்னு நினைக்காதீங்க. எங்க துறைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

24/
சுருக்கமா:

ஐஎஸ்ஐ ஹெல்மெட் முதல்ல, ஸ்பீக்கர் அப்புறம்.
தெர்மோகோலைச் சுரண்டாதீங்க, ட்ரில் போடாதீங்க.
இயர்பட்ஸ் வேண்டாம், மெல்லிய ஸ்பீக்கர் போதும்.
ஆட்டோ ஆன்சரை ஆஃப் பண்ணுங்க.
பக்கத்துல பேசறது கேட்கற அளவுக்குத்தான் வால்யூம்.
மேப் குரலுக்கு மட்டும் அனுமதி. ஃபோன் வந்தா ஓரமா நிறுத்துங்க.
ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்க. ஸ்பீக்கரை மட்டும் கழட்டி புதுசுல மாட்டிக்கலாம்.

25/
கேள்வி கேட்ட தம்பி, எந்த மாடல்னு நான் சொல்லல. மேல சொன்னதுக்கெல்லாம் பொருந்தற எதையும் வாங்கிக்கோ. வாங்கின அன்னிக்கே வீட்டுல உட்கார்ந்து எல்லாருக்கும் சொல்லிடு: "நான் வண்டியில இருந்தா எடுக்க மாட்டேன். பயப்படாதீங்க, போய்ச் சேர்ந்துட்டுக் கூப்பிடறேன்."

எல்லாரும் பத்திரமா போய் வாங்க. கேஷுவாலிட்டியில சந்திக்க வேண்டாம்.