பட்டம் இருக்கு... தறி தெரியுமா?

காஞ்சிபுரம்: எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் வாங்கிய கையோடு பிள்ளையார்பாளையம் தெருக்களில் இறங்கும் புது சமூகப் பணியாளர்களுக்குச் சட்டம் அத்துப்படி. தறி தெரியாது. சிக்கலே அங்கேதான்!

கோர்வைச் சேலைக்கு நெசவாளி ஒருவர் போதாது. கரைக்கு நாடா தள்ள, பக்கத்தில் இன்னொரு கை வேணும். அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் சிறுவர்களை உட்கார வைத்தார்கள், வீட்டார் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக! 2003-ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அறிக்கையிலேயே காஞ்சிபுரம் பெயர் ஏறியது.

"முன்பணத்தை யாருங்க கட்டுறது?" என்று தாய் வாசலிலேயே கேட்பாள். 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அதட்டிச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, நிதானமாச் சொல்லணும். இதை எந்தப் பரீட்சையில் கேட்கிறார்கள்?

மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தணும். ஒரே அலைச்சல். சாப்பாடு கிடையாது. பிள்ளை அழுத அழுகை ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். ரோந்து போகும் போலீசுக்கே துணைக்கு ஆள் உண்டு. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணைத் தனியாக அனுப்பலாமா? முதல் ஆறு மாசமாவது அனுபவசாலி ஒருவர் கூடப் போகட்டும். 1098-க்கு வந்த அழைப்புக்காக நடுராத்திரி ஓட வைக்கும் மேலதிகாரி, மறுநாள் காலை லீவு தரட்டும்!