பாவும் ஊடையும்

வந்தவாசி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1760-ஆம் வருஷத்து யுத்தம் நினைவுக்கு வரும். குடும்பஸ்தர்களுக்கோ கோரைப்பாய்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாயை நெய்பவர்களில் பலர் முஸ்லிம் சகோதரர்கள். நூலைப் பாவாக இழுத்துக் கட்டிக் கோரையை ஊடையாகச் செலுத்துவது அவர்கள் தொழில். சமயப் போதனையைக் காலத்துக்கேற்பப் புதுப்பிப்பது எப்படி என்ற கேள்வி எழும்போது, நமக்கு அந்தத் தறிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வந்தவாசியைப் போலவே பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்னும் அரபிக் கல்லூரி இருக்கிறது. அங்கே தேறிய ஆலிம்கள் 'பாகவி' என்று பட்டம் பெறுவார்கள். அவர்களுள் ஒருவரான மௌலானா அப்துல் ஹமீத் பாகவி, சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் திருக்குர்ஆன் முழுவதையும் தமிழாக்கினார். தமிழைப் புகுத்துவது அப்போது எளிய காரியமன்று. வெள்ளிக்கிழமைக் குத்பாவைத் தமிழில் நிகழ்த்த வேண்டுமென்று 'தாருல் இஸ்லாம்' ஆசிரியர் ஜனாப் பா. தாவூத் ஷா வாதாடியபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பிற்று.

எதிர்த்தவர்களின் அச்சம் அற்பமானதல்ல. மொழிபெயர்ப்பவர் தம் கருத்தை இறைவசனத்தோடு கலந்துவிட்டால் என்ன செய்வது? பாகவியின் நூலே இதற்குப் பதில் சொல்கிறது. பொருள் விளங்குவதற்காகத் தாம் சேர்த்த சொற்களை அவர் அடைப்புக்குறிக்குள் தனியே காட்டியிருக்கிறார். எது மூலம், எது தம் விளக்கம் என்பதைப் படிப்பவர் பிரித்தறியலாம். மரபில் ஊறியவருக்கே அந்த எல்லைக்கோடு எங்கே என்பது தெரியும்.

ஆகையால் புதுப்பிக்கும் உரிமை மரபைக் கற்றவர்களுக்கு உண்டு என்கிறோம். அவர்களுக்கு அது கடமையும்கூட. இன்றைய இளைஞர்கள் ஐயம் கேட்காமல் இருக்கப் போவதில்லை. கற்றறிந்த ஆலிம்கள் அவர்களுக்குப் புரியும் தமிழில் பதில் சொல்லாவிட்டால், கைப்பேசிக்குள்ளிருந்து அரைகுறையாய்க் கற்றவர் எவரேனும் சொல்லிவிடுவார். அவரிடம் அடைப்புக்குறிகள் இரா. தம் கோபத்தையும் இறைவாக்கென்றே சொல்லுவார். இந்த அபாயம் இஸ்லாத்துக்கு மட்டும் உரியதல்ல. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானதே.

பாவை அறுத்தெறிந்தால் பாய் இல்லை. பாவை மட்டும் கட்டிவைத்து ஊடையைச் செலுத்த மறுத்தாலும், தொழுவதற்கோ உட்காருவதற்கோ அது பயன்படப் போவதில்லை.