மீட்டெடுப்பா, மேற்பூச்சா?

சித்தூர்த் தமிழ்க் குடும்பமொன்றின் பரணிலிருந்த சிறிய வால்வு வானொலி, திருப்பதியில் என் மேசைமீது திறந்து கிடக்கிறது. உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டு ப்ளூடூத் பொருத்தச் சொல்கின்றனர் நண்பர்கள். அதை மீட்டெடுப்பு என்று நான் ஏற்கேன்.

பழைய காகித மின்தேக்கிகளை மாற்றத்தான் வேண்டும். இணைப்பு மின்தேக்கி கசிந்தால் வெளியீட்டு வால்வின் கிரிடில் நேர்மின்னழுத்தம் ஏறும். மின்னோட்டம் மிகுந்து வால்வே கெடும். முதன்முறை மின்சாரம் தரும்போது தொடரிணைப்பில் ஒரு குண்டு பல்பு காவலிருக்கட்டும். ஆனால் கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் உறையிலிடப்பட்டுப் பெட்டியுடனேயே இருக்க வேண்டும்; அவையும் ஆவணங்களே.

கேட்பதற்கே உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறையின் பெட்டி இது. எல்லைப்புறத் தமிழர் கேட்டதை ஆராயும் நாம், எதில் கேட்டார்கள் என்பதை ஏன் பழைய இரும்புக் கடைக்கு விடுகிறோம்? சந்தை விலை எனக்குப் பொருட்டன்று. மத்திய அலையில் சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்கிறதா என்பதே என் அளவுகோல். நேற்றிரவு வரை இரைச்சல்தான்.