காத்திருக்கத் தெரியாத பிள்ளையா, வாக்குக் காக்காத நாடா?

முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: “வருச முடிவில எழுத வாசிக்கத் தெரிஞ்சிடுமா?” முன்பள்ளிகளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் விதமாகவே தம்மை ஒழுங்கமைத்துக்கொள்கின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொப்பி, வீட்டுவேலை, சில இடங்களில் தவணைப் பரீட்சையும்கூட. விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கை, மறுநாளே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிய ஓட்டத்தில் இறக்கிவிடப்படுகிறது.

எழுத்துத் தெரியாமல் தரம் 1 இற்கு வரும் பிள்ளைக்கு எழுத்தைக் கற்பிக்கலாம். அதற்காகத்தான் பாடசாலை இருக்கிறது. ஆனால், சொன்னதைச் சிறிது நேரம் மனதில் வைத்திருக்கவோ, தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவோ, ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறவோ முடியாத பிள்ளைக்கு எழுத்தைக் கற்பிப்பதே கடினம். எமது முன்பள்ளிக் கல்வி முதலாவதைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிறது. இரண்டாவதைப் பிள்ளையின் குணம் என்றும் ‘குழப்படி’ என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறது.

உளவியலில் இந்த இரண்டாவது வகைத் திறன்களை நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என்கிறார்கள். பெயர்தான் கனமானது, பொருள் எளிது. “செருப்பைக் கழற்றி வைத்து, கையைக் கழுவிவிட்டு, பாயில் வந்து இரு” என்று சொன்னால் மூன்றையும் வரிசையாக நினைவில் வைத்திருந்து செய்வது ஒன்று. ஊஞ்சலைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பறிக்காமல் தன்னைத் தடுத்து நிறுத்துவது இன்னொன்று. நேற்று நிறப்படி அடுக்கிய போத்தல் மூடிகளை இன்று அளவுப்படி அடுக்கச் சொன்னால் மனதை மாற்றிக்கொள்வது மூன்றாவது. இவற்றுக்கு ஆதாரமான மூளையின் முன்நுதற் பகுதி முழுமையாக முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை செல்லும். எனினும் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான காலத்தில் இத்திறன்கள் மிக வேகமாக வளர்கின்றன. நாம் பிள்ளைகளை முன்பள்ளிக்கு அனுப்பும் வயதும் அதுதான்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73 காலப்பகுதியில் பிறந்த சுமார் 1,000 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்தார்கள். சிறுவயதில் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் கூடுதலாக இருந்தவர்கள், 32 வயதில் உடல்நலத்திலும் வருமானத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள், குற்றச்செயல்களிலும் குறைவாகவே சிக்கியிருந்தார்கள். குடும்பப் பின்னணியையும் நுண்ணறிவையும் கணக்கில் எடுத்த பின்னரும் இந்தத் தொடர்பு நீடித்தது. ஆகவே, இது ‘நல்ல பழக்கம்’ என்ற அளவில் ஒதுக்கக்கூடிய விடயமல்ல.

இனிப்பும் வாக்குறுதியும்

இத்துறையில் அதிகம் பேசப்பட்ட பரிசோதனை, வோல்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிள்ளையின் முன்னால் ஓர் இனிப்பு வைக்கப்படும். “நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் நன்றாக இருந்தார்கள் என்ற முடிவு உலகம் முழுவதும் பரவியது. பொறுமை உள்ளவன் வெல்வான், இல்லாதவன் தோற்பான் என்ற நீதிக்கதையாக அது சுருங்கியது.

2013 இல் அமெரிக்காவின் ரொசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே பரிசோதனைக்கு முன்னால் சிறிய ஒரு படியைச் சேர்த்தார்கள். 28 பிள்ளைகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். சித்திரம் வரைய நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டுவருவதாக இரு குழுக்களுக்கும் பெரியவர் வாக்களித்தார். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மற்றக் குழுவிடம் வெறுங்கையுடன் வந்து, “மன்னியுங்கள், எங்களிடம் இல்லை” என்றார். அதன் பிறகே இனிப்பு வைக்கப்பட்டது. வாக்குக் காக்கப்பட்ட குழு சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தது. ஏமாற்றப்பட்ட குழு காத்திருந்தது 3 நிமிடங்கள். முழு 15 நிமிடங்களும் பொறுத்திருந்தவர்கள் முதற்குழுவில் 14 பேரில் 9 பேர். இரண்டாம் குழுவில் ஒரேயொரு பிள்ளை.

இரண்டாம் குழுவின் பிள்ளைகளைப் பொறுமையற்றவர்கள் என்று சொல்ல முடியுமா? சொன்னது வராது என்று அனுபவத்தில் கற்றுக்கொண்ட பிள்ளை, கையில் இருப்பதை உடனே சாப்பிடுவது புத்திசாலித்தனமான முடிவு. 2018 இல் 900 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு மிஷெலின் முடிவு மீளாய்வு செய்யப்பட்டபோது, குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் காத்திருத்தலுக்கும் பிற்காலப் பெறுபேறுகளுக்கும் இடையிலான தொடர்பு பெருமளவு சுருங்கிப்போனது.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: பிள்ளையின் தன்கட்டுப்பாடு பிள்ளைக்குள் மட்டும் இருப்பதல்ல. அதைச் சுற்றியுள்ள பெரியவர்கள் எவ்வளவு நம்பத்தக்கவர்கள் என்பதிலும் அது தங்கியிருக்கிறது.

பெரியவர்களின் நிலை

அந்தப் பெரியவர்கள் யார்? முதலில் பெற்றோர். 2013 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைப் பரிசோதித்தது. அறுவடைக்கு முன்னர் கையில் காசில்லாமல் கடனோடு இருந்தபோது, கவனத்தையும் தன்கட்டுப்பாட்டையும் அளக்கும் சோதனைகளில் அவர்கள் பின்தங்கினார்கள். அறுவடைப் பணம் கைக்கு வந்த பின்னர் அதே மனிதர்கள் மேம்பட்டார்கள். மனிதர்கள் மாறவில்லை, கவலையின் பாரம்தான் மாறியது. பிள்ளைக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய தாய் தகப்பனின் பொறுமையையே வறுமை அரித்துவிடுகிறது.

2022 இல் இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. நாட்டின் வறுமை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாகி 25 சதவீதத்தை எட்டியதாக உலக வங்கி மதிப்பிட்டது. எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் பெற்றோர் நின்ற அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது முன்பள்ளி வயதில் இருக்கிறார்கள். மலையகத்தில் இந்த நிச்சயமின்மை இன்னும் நீண்டது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா நாட்சம்பளம், அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாகவும், நிபந்தனையோடு கூடிய மேலதிகக் கொடுப்பனவாகவும் வந்து சேர்ந்தது. ரொசெஸ்டரில் வர்ணப் பொருட்கள் வரவில்லை. இங்கே பிள்ளை மடுவத்தில் பிள்ளையை விட்டுவிட்டு மலையேறும் தாய்க்குச் சொன்ன சம்பளம் சொன்னபடி வரவில்லை.

அடுத்த பெரியவர் முன்பள்ளி ஆசிரியை. 1945 முதல் நாம் பெருமையோடு பேசும் இலவசக் கல்வி தரம் 1 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் மாகாண சபை, பிரதேச சபை, சமய நிறுவனம், தொண்டு நிறுவனம், தனியார் என்று சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலான ஆசிரியைகள் வாழ்வது சில ஆயிரம் ரூபா கொடுப்பனவிலும் பெற்றோர் கொடுக்கும் சிறு கட்டணத்திலும்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் போருக்குப் பின்னர் முன்பள்ளி ஆசிரியைகளைப் பணிக்கு அமர்த்தியது. முன்பள்ளிக் கல்வியை இராணுவமயமாக்கும் செயல் என்று எழுந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அந்த ஆசிரியைகள் அங்கிருந்து விலகத் தயங்கியதற்குக் காரணம், மாகாணக் கொடுப்பனவைவிடப் பல மடங்கு கூடிய மாதச் சம்பளம் அங்கே கிடைத்தது. அதற்கு ஈடான எதையும் சிவில் நிர்வாகம் அவர்களுக்கு வழங்கவில்லை.

இது தொழிலாளர் உரிமைப் பிரச்சினை மட்டுமல்ல. வேறு வேலை கிடைத்ததும் ஆசிரியை விலகிப்போகும் முன்பள்ளியில், நான்கு வயதுப் பிள்ளை நம்பப் பழகிய ஒரு முகம் திடீரென்று காணாமல் போகிறது. பிள்ளையின் உள்ளத்தில் ஒழுங்கை வளர்க்க வேண்டிய இடத்திலேயே ஒழுங்கு அறுபடுகிறது.

எழுத்துப் பயிற்சியும் பிரம்பும்

கற்றலை முன்கூட்டியே தொடங்கினால் பிள்ளை முந்திவிடும் என்ற நம்பிக்கையையும் பரிசீலிக்க வேண்டும். அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 2,990 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2022 இல் வெளியானது. அரச முன்பள்ளியில் படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பை எட்டியபோது, இடம் கிடைக்காத பிள்ளைகளைவிடப் புள்ளிகளில் பின்தங்கியும் ஒழுக்கப் பிரச்சினைகளில் கூடுதலாகவும் இருந்தார்கள். வகுப்பு முழுவதையும் இருத்திவைத்து ஆசிரியர் மட்டுமே பேசும் முறையும், பிள்ளைகள் தாமாகத் தெரிவுசெய்து விளையாட இடமில்லாமையும் இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான டேல் ஃபரன் கருதுகிறார். முன்பள்ளி வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. எப்படிப்பட்ட முன்பள்ளி என்பதே கேள்வி.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை இன்னும் நம்புகிறவர்களும் உண்டு. உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்தது. பாடசாலையில் அடிப்பது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறுவதாகும் என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், பிரம்பு கற்பிப்பது பிரம்பு இருக்கும்வரை அடங்கியிருக்க மட்டுமே. ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பியதும் வகுப்பு கலைந்தால், பிள்ளைகளின் கட்டுப்பாடு அதுவரை பிரம்பிடம்தான் இருந்திருக்கிறது.

செய்யக்கூடியவை

வீட்டில் இதற்குச் செலவு தேவையில்லை. சாப்பாடு, குளிப்பு, கதை, நித்திரை என்று மாலை நேரம் தினமும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நடந்தால், அடுத்து வருவதைப் பிள்ளை தானே எதிர்பார்க்கப் பழகும். நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பது, கொடுத்தது தவறினால் காரணம் சொல்லி வேறொரு நாளில் ஈடுசெய்வது, இரண்டுமே கற்பித்தல்தான். சிரட்டையில் சோறு கறி ஆக்கி விளையாடும் பிள்ளை ‘கடைக்காரர்’ ஆனதும் கடைக்காரராகவே நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாங்க வந்தவரைப்போல் நடக்கும் ஆசையை அது தானாக அடக்குகிறது. கண்ணைக் கட்டிப் பிடிப்பது, ஒளித்து விளையாடுவது, கொஞ்சம் வளர்ந்ததும் கிளித்தட்டு, கொக்கான் எல்லாம் விதியை நினைவில் வைத்து, உடலை நிறுத்தி, தருணம் பார்த்து நகரும் பயிற்சிகள்.

அழும் பிள்ளையின் கையில் உடனே கைபேசியைக் கொடுப்பது இதற்கு நேரெதிரானது. அழுகை நிற்கும், ஆனால் அழுகையைத் தானே தணிக்கும் வழியைப் பிள்ளை கற்காது. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. ஆனால் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய், அம்மம்மா தனியே சமாளிக்கும் வீட்டில் கைபேசிதான் மலிவான ஆயா. தாயைக் குற்றம் சொல்லி இதைத் தீர்க்க முடியாது.

தாய்மொழியும் இதில் சேர்கிறது. பிள்ளைகள் விளையாடும்போது தமக்குத்தாமே பேசிக்கொள்வது, தம்மை வழிநடத்தும் முயற்சி என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி விளக்கினார். ‘ஆங்கிலத்தில் மட்டும் பேசு’ என்று வாய் அடைக்கப்படும் மூன்று வயதுப் பிள்ளையிடமிருந்து நாம் பறிப்பது அந்தக் கருவியையும்தான்.

ஆனால் பெற்றோருக்கு அறிவுரை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது அரசுக்கு வசதியானது. 2015 இல் உலக வங்கி இலங்கையின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்கு 5 கோடி டொலரை அங்கீகரித்தது. அதில் பெருந்தோட்டச் சிறுவர் நிலையங்களின் கட்டடங்களும் அடங்கும். கட்டடம் தேவைதான், ஆனால் அதற்குள் நாளையும் அடுத்த வருடமும் அதே ஆசிரியை இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு நிரந்தர நியமனமும் வாழப் போதுமான சம்பளமும் தேவை. எழுத்துப் பரீட்சையால் அன்றி, விளையாட்டும் உரையாடலும் எப்படி நடக்கின்றன என்பதால் முன்பள்ளியை மதிப்பிடும் மேற்பார்வையும் தேவை.

எமது பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று அடிக்கடி குறைப்படுகிறோம். பிள்ளை அளந்துகொண்டிருப்பது எங்களைத்தான்: சொன்ன நேரத்துக்கு வருகிறார்களா, சொன்னதைத் தருகிறார்களா, நேற்று இருந்த ரீச்சர் இன்றும் இருக்கிறாரா? அந்தக் கேள்விகளுக்கு வீடும் முன்பள்ளியும் அரசும் கொடுக்கும் பதிலில்தான் அது காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது.