உங்க இஷ்டம்மா!

"உங்க இஷ்டம்மா. போடணும்னா போட்டுக்குங்க."

கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2021 ஜூலை 2-ஆம் தேதி அறிவித்தது. அன்றிலிருந்து இந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன் என்று கணக்கில்லை. டாக்டர் சொல்கிறார். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் சொல்கிறார்கள். முகாமில் பெயர் எழுதுகிற தம்பியும் சொல்கிறான். ஒரு பெண்ணின் இஷ்டத்துக்கு நம் ஊரில் இவ்வளவு மதிப்பு எப்போது வந்தது என்று எனக்கு ஆச்சரியம். கல்யாணத் தேதியிலிருந்து பிள்ளைக்கு வைக்கும் பெயர் வரை அவளை ஒரு வார்த்தை கேட்காதவர்கள், இந்த ஒரு ஊசியில் மட்டும் அவள் இஷ்டம் என்கிறார்கள்!

இதற்குப் பெயர் மரியாதை இல்லை. கைகழுவல்.

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார செவிலியராகவும் பிறகு பகுதி சுகாதார செவிலியராகவும் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஊசி போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் ஊசியைப் பற்றி யார் அரைகுறையாகப் பேசினாலும் எனக்குக் கை பரபரக்கும்.

இஷ்டம் என்றால் என்ன? கடையில் இரண்டு புடவையை விரித்துப் போட்டு, இது இந்த விலை, இது துவைத்தால் சாயம் போகும் என்று சொன்ன பிறகு, "உங்க இஷ்டம்" என்றால் அது நியாயம். புடவையைக் கண்ணிலேயே காட்டாமல் உங்கள் இஷ்டம் என்றால்? அரசாங்கத்தின் வழிகாட்டுதலில் இருப்பதே வேறு. தொற்று வந்தால் என்ன ஆகும், ஊசியால் என்ன நன்மை, என்ன பக்கவிளைவு வரலாம் என்று கர்ப்பிணிக்கு எடுத்துச் சொல்லுங்கள், அதன் பிறகு அவள் முடிவெடுக்கட்டும் என்பதுதான் அது. அது ஊருக்கு வந்து சேர்வதற்குள் முதல் பாதி எங்கேயோ விழுந்துவிட்டது. இரண்டாம் பாதி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் என்று எனக்குத் தெரியும். எடுத்துச் சொல்லப் பத்து நிமிஷம் ஆகும். அதோடு, சொன்ன பிறகு ஏதாவது ஒன்று நடந்துவிட்டால், ஊசியால் நடந்ததோ இல்லையோ, சொன்னவர் தலையில் விழும். "உங்க இஷ்டம்" என்றால் எது நடந்தாலும் அவளே பொறுப்பு.

கொஞ்சம் பின்னால் போவோம். 2021 ஜனவரி 16-ஆம் தேதி தடுப்பூசி போட ஆரம்பித்தபோது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கிடையாது என்றார்கள். காரணம், சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. மே 19-இல் பாலூட்டுகிறவர்களுக்குச் சரி என்றார்கள். கர்ப்பிணிகளுக்கு ஜூலையில்தான். நடுவில் ஏப்ரலும் மேயும் வந்து போனதை நான் சொல்ல வேண்டுமா? ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற மாதங்கள். ஐ.சி.எம்.ஆர். ஜூன் மாதம் ஒரு கணக்கு வெளியிட்டது. தொற்று வந்த கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் முதல் அலையில் இறந்தவர்கள் 0.7 சதவீதம். இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாதிருந்தது, நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது. "பாதுகாப்புக்காக" அவர்களுக்கு ஊசி வேண்டாம் என்று வைத்திருந்த மாதங்களில் நடந்தது இது.

கர்ப்பிணிக்கு ஏன் இந்த நோய் கடுமையாகிறது என்பதைச் சொல்லாமல் ஊசியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கடைசி மாதங்களில் கர்ப்பப்பை பெருத்து, உதரவிதானத்தை நான்கு சென்டிமீட்டர் வரை மேலே தள்ளிவிடும். நுரையீரல் விரிய இடம் குறையும். ஆனால் உடம்புக்கு வேண்டிய பிராணவாயுவோ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். மாடிப்படி ஏறும்போது ஏழு மாதப் பெண்ணுக்கு மூச்சு வாங்குவது இதனால்தான். அந்த நுரையீரலில் போய் கொரோனா உட்கார்ந்தால்? மற்ற நோயாளிகளைக் குப்புறப் படுக்கச் சொல்லி ஆக்சிஜனை ஏற்றினார்களே, எட்டு மாத வயிற்றோடு எப்படிக் குப்புறப் படுப்பாள்?

இதையும் சொல்லிவிட வேண்டும்: தொற்று வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேராமலே குணமாகிவிடுகிறார்கள். இதை மறைத்துப் பயமுறுத்தி ஊசி போடுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மீதிப் பேருக்கு மோசமாகும்போது மளமளவென்று மோசமாகிறது. யார் அந்த மீதிப் பேர் என்று முன்கூட்டியே முழுதாகச் சொல்லிவிட முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், முப்பத்தைந்து தாண்டிய வயது இருந்தால் ஆபத்து கூடுதல்.

இப்போது மாமியார்களிடம் வருகிறேன். "நாங்கல்லாம் எந்த ஊசி போட்டுப் பெத்தோம்?"

போட்டுத்தான் பெற்றீர்கள் அக்கா. உங்களில் பாதிப் பேருக்கு என் கையாலேயே போட்டேன்.

டி.டி. ஊசி மறந்துவிட்டதா? எண்பதுகளில் நான் வேலையில் சேர்ந்தபோது, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நுழைந்தால் கர்ப்பிணிகள் கொல்லை வழியாக வயலுக்கு ஓடுவார்கள். அது கருத்தடை ஊசி, இனிமேல் பிள்ளையே பிறக்காது என்று ஒரு வதந்தி. எமர்ஜென்சி முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பயப்பட அவர்களுக்குக் காரணமும் இருந்தது. அப்போது ரணஜன்னியில் பச்சைக் குழந்தைகள் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அரிவாளாலோ பழைய பிளேடாலோ தொப்புள்கொடியை அறுத்திருப்பார்கள், மேலே சாம்பலை வைத்திருப்பார்கள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வாயைத் திறக்காது. தாடை இறுகிவிடும். தொட்டாலே உடம்பு வில்லாக வளையும். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இரவில் சோறு இறங்காது.

அந்தக் குழந்தைக்கு நாங்கள் ஊசி போடவில்லை. வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குப் போட்டோம். தாயின் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போனது. இந்தியாவில் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒரு ரணஜன்னிகூட இல்லை என்ற நிலை வந்துவிட்டதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. வீட்டுப் பிரசவம் குறைந்தது ஒரு காரணம். அந்த ஊசி இன்னொரு காரணம். கொரோனா தடுப்பூசி போட்ட தாய்மார்களின் எதிர்ப்புச் சக்தியும் இதே வழியாகக் குழந்தைக்குப் போகிறது என்று வெளிநாடுகளில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் யாரிடமும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகரவில்லை. சொல்லியிருந்தால் என் ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்திருக்கும். 'மறுத்துவிட்டார்' என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்து, போன மாதம் பக்கத்துத் தெருவில் எந்தக் குழந்தை போனது, ஏன் போனது என்று பேசிவிட்டு வருவேன். சிலர் முதல் நாளே கையை நீட்டுவார்கள். சிலர் மூன்றாவது தடவை. கடைசி வரை நீட்டாதவர்களும் உண்டு. அவர்களைப் பிடித்து இழுத்துக் குத்தவில்லை. தெரிந்துகொண்டு மறுத்தார்கள், அதுதான் இஷ்டம்.

"இது புது ஊசியாச்சே, டி.டி. மாதிரியா?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூடவே தாலிடோமைடு கதையையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கை வாந்திக்கும் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. 1961-இல் நிறுத்துவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறையோடு பிறந்துவிட்டார்கள். ஆனால் அந்த மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் சரியாகச் சோதிக்காமலேயே கர்ப்பிணிகளிடம் விற்றதால் வந்த வினை அது. உலகம் கற்றுக்கொண்ட பாடமோ தலைகீழ்: கர்ப்பிணிகளை எந்தச் சோதனையிலும் சேர்க்காதே! சேர்க்காவிட்டால் மருந்தைப் பற்றித் தெரியாது. தெரியாவிட்டால் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாவிட்டால் நோய் வரும்போது அவள் தனியாக நிற்பாள். அறுபது வருஷமாக இதே சுற்று.

இந்தச் சுற்றை உடைத்தவர்கள் அமெரிக்காவில் கர்ப்பமாக இருந்த பெண்கள். அவர்களில் நர்ஸுகளும் டாக்டர்களும் நிறைய. டிசம்பரிலேயே துணிந்து போட்டுக்கொண்டார்கள். பிப்ரவரி முடிவதற்குள் 35,691 பேர் தங்களுக்கு என்ன ஆனது என்று பதிவு செய்தார்கள். கருச்சிதைவோ குறைப்பிரசவமோ வழக்கத்தைவிடக் கூடியதாகத் தெரியவில்லை என்று ஏப்ரலில் முதல் முடிவு வெளியானது. அவர்கள் போட்டது ஃபைசரும் மாடர்னாவும்; அப்போது நம் கையில் இருந்தது கோவிஷீல்டும் கோவாக்சினும். இந்த வித்தியாசத்தையும் சொல்லத்தான் வேண்டும். கோவாக்சின் செயலிழக்கச் செய்த வைரஸ். அதே முறையில் செய்த ஃப்ளூ ஊசியைப் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்குப் பல வருஷங்களாகப் போடுகிறார்கள். கோவிஷீல்டில் இருப்பது உடம்பில் பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸ். அரசின் தாளிலேயே இருக்கிறது: ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேருக்கு ஒருவருக்கு, ஊசி போட்ட இருபது நாளுக்குள் கடும் தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், விடாத வயிற்று வலி, பார்வை மங்கல் மாதிரி அறிகுறி வரலாம், வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையும் அந்த நூற்றுக்கு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பெண்ணுக்குத் தெரியாதா என்ன? வைத்துக் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மயங்கி விழுந்து, அதற்கடுத்த நாள் காலமானதும் நம் ஊரில் பயத்தைக் கிளப்பிவிட்டது. ரத்தக் குழாயில் முழு அடைப்பு, ஊசியால் ஒரே நாளில் அப்படி வராது என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள். அது யார் காதிலும் விழவில்லை. நல்ல மனிதர். மரம் நடச் சொன்னவரை ஊசிக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் 27 வாரக் கர்ப்பிணி. பெயர் வேண்டாம். மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள். ஒருவர் உங்க இஷ்டம். ஒருவர் பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம். ஒருவர் வீட்டில் கேட்டுக்கிட்டு வாங்க. வீட்டிலோ மாமியார் வேண்டாம் என்கிறார், கணவன் அம்மா சொன்னால் சரி என்கிறான். ஆக, அவள் இஷ்டம் என்று வெளியில் சொன்னது வீட்டுக்குள் வந்ததும் யார் யார் இஷ்டமோ ஆகிவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்வி, அந்த மூன்று பேருக்கும் தோன்றாதது.

"ஆன்ட்டி, கோவிஷீல்டுன்னா ரெண்டாவது டோஸுக்கு 84 நாள். அப்ப எனக்கு 39-ஆவது வாரம். டெலிவரி நேரத்துல எப்படிப் போடறது?"

கோவாக்சின் என்றால் 28 நாள், 31-ஆவது வாரத்தில் முடிந்துவிடும். எங்கள் பக்கம் அப்போது கோவாக்சின் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாவது டோஸைப் பிள்ளை பெற்ற பிறகும் போடலாம், பாலூட்டும்போது தடையில்லை. இரண்டு வழியையும் காகிதத்தில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனாள். முடிவு அவளுடையது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவள் மாமியாரிடமும் பேசினேன். அவர் இன்னும் தனக்கே ஊசி போட்டுக்கொள்ளவில்லை! ஆவணியில் வளைகாப்பு, எழுபது பேருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். எழுபது பேரும் வந்து ஆளுக்கொரு வளையலாகக் கைபிடித்துப் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, முகத்துக்கு நேரே பாட்டுப் பாடுவார்கள். அதில் வராத பயம், ஊசி முனையில் வருகிறது. "அக்கா, வளைகாப்பை வீட்டோட வச்சுக்குங்க, முதல்ல நீங்களும் தம்பியும் ஊசி போட்டுக்குங்க" என்றேன். பதில் வரவில்லை. காபி வந்தது.

முகாமுக்குப் போகிற பெண்கள் தாய்-சேய் நல அட்டையையும் பிக்மி நம்பரையும் கையோடு கொண்டுபோங்கள். போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும். கர்ப்பத்தில் காய்ச்சலை வளரவிடக்கூடாது. அங்கே யாராவது "உங்க இஷ்டம்மா" என்றால் கோபப்பட வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி சார், ரெண்டு பக்கமும் சொல்லுங்க, அப்புறம் என் இஷ்டத்தைச் சொல்றேன்" என்று கேளுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.