திவலைக்கும் நாருக்கும் இடையே

மும்பை ஐ.ஐ.டி.யின் சமீர் குமார் மாஜி செய்துவரும் ஆய்வுகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எப்போது வரும் என்னும் கேள்வியே முதலில் வைக்கப்படுகிறது. நோயாளியின் மகள் அதைக் கேட்பதில் குற்றமில்லை. நிதி ஒதுக்குவோரும் முனைவர் பட்டக் குழுக்களும் அதை மட்டுமே கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அந்த ஆய்வுகளின் மதிப்பு, கேள்வியையே மாற்றியமைத்ததில் இருக்கிறது.

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் காணப்படும் லூயி உருண்டைகளின் முக்கியக் கூறு ஆல்ஃபா-சினூக்ளின் என்பது 1997-இல் தெரியவந்தது. 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. (இதைத் 'தவறாக மடிந்த புரதம்' என்பதே சற்றுப் பொருந்தாது, கரைசலில் தனித்திருக்கையில் அதற்கு நிலையான மடிப்பு எதுவும் இல்லை.) மூலக்கூறுகள் சில சேர்ந்து சிறு திரள்களாகி, பின் நார்களாக நீள்கின்றன என்பதே நெடுங்காலப் பாடம். 2020-இல் 'நேச்சர் கெமிஸ்ட்ரி' இதழில் வெளிவந்த மாஜி குழுவின் கட்டுரை அதற்கு முந்திய ஒரு கட்டத்தைக் காட்டியது. நீரில் எண்ணெய் பிரிந்து நிற்பதுபோல, புரதம் கரைசலிலிருந்து பிரிந்து திவலைகளாகிறது. நாள்பட அத்திவலைகள் இறுகி ஜெல்லாகின்றன. அவற்றினுள்ளே திரள்களும் நார்களும் தோன்றுகின்றன. நோயைத் தூண்டுவதாக அறியப்பட்ட மரபணுத் திரிபுகளும் அமிலச் சூழலும் இம்மாற்றத்தையும் ஊக்குவிக்கின்றன. பால் தயிராகிவிட்ட பிறகு பாலைத் தேடிப் பயனில்லை. உறைவதற்கு முன்பு என்ன நடக்கிறது என்பதே அங்கு ஆராயப்பட்டது.

இதற்கு முன்னரே, 2009-இல், ரோலண்ட் ரீக்கின் குழுவில் இருந்தபோது மாஜி முதல் ஆசிரியராக 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இன்னொரு நம்பிக்கையை அசைத்தது. பிட்யூட்டரி சுரப்பி தன் ஹார்மோன்களை அமிலாய்டு வடிவில்தான் சேமித்து வைக்கிறது என்றது அக்கட்டுரை. நோயின் முத்திரை எனக் கருதப்பட்ட அதே கட்டமைப்பு, உடலுக்குக் களஞ்சியமாகவும் பயன்படுகிறது! ஆகவே அமிலாய்டு தன்னளவில் குற்றவாளி அன்று. எங்கே, எப்போது, கரைந்து மீளும் வழியுடனா அன்றியா என்பவையே முதன்மையான வினாக்கள்.

ஒரே குற்றவாளியைத் தேடும் அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அல்சைமர் துறையே சான்று. ஒரு குறிப்பிட்ட பீட்டா-அமிலாய்டு திரளே எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்ற 2006-ஆம் ஆண்டின் 'நேச்சர்' கட்டுரை, படங்கள் திருத்தப்பட்ட அறிகுறிகளால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! அமிலாய்டுக் கருதுகோள் அதனால் வீழ்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி வழங்கிய லெக்கானிமாப், அமிலாய்டைக் கணிசமாக நீக்குகிறது. ஆயினும் 18 மாதங்களில் நோயின் போக்கை ஏறத்தாழ 27 விழுக்காடு தணித்ததேயன்றி நிறுத்தவில்லை.

திவலை ஆய்வுக்கும் ஒரு குறை உண்டு. சோதனைக் குழாயில் நாட்களில் நிகழ்வது மனித மூளையில் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தை எது நீட்டிக்கிறது? இதற்கான விடையைப் பவாய் ஆய்வகத்திற்குள் மட்டும் தேடுவதில் பொருளில்லை. மும்பையின் பார்சி குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று பருச்சா குழுவினர் நடத்திய கணக்கெடுப்பு 1988-இல் வெளியானது: லட்சம் பேரில் ஏறத்தாழ 328 பேருக்குப் பார்க்கின்சன் நோய். அச்சமூகத்தில் முதியோர் மிகுதி என்பது இதன் ஒரு பகுதியை விளக்கும்; முழுவதையும் விளக்குமா என்பது ஆராயத்தக்கது. அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று மாட்டுங்காவை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து தாராவி வெகுதூரமில்லை. தாராவியில் கை நடுங்கத் தொடங்கும் ஒரு தையல்காரர், வயதாகிவிட்டது என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டால், மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் புரட்டும் ஆய்வாளர் அவரை எங்கே காண்பார்?

உயிர் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் இக்கணக்கெடுப்பைப் படிக்க வேண்டியது நோயாளிகளுக்காக மட்டுமன்று. அதே குடியிருப்புகளில் எண்பது வயதைக் கடந்தும் நடுக்கமின்றி வாழ்வோரே பெரும்பான்மை. அவர்களுடைய நரம்புச் செல்களிலும் இருப்பது அதே 140 அமினோ அமிலங்கள்தான்.